மாடியறைக் கச்சேரி: லீனாவுக்குப் பிறகும் ஓயாத பாட்டு



நம் கம்யூனிட்டி ஹாலில் மாதம் ஒரு நாட்டுப்புறப் பாட்டு நிகழ்ச்சி வைத்தால் என்ன? எந்தக் குடியிருப்பின் பொதுக்குழுவிலும் என்றாவது ஒருநாள் யாராவது இப்படிக் கேட்பார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள். முதல் இரண்டு நிகழ்ச்சிகள் அமர்க்களமாக நடக்கும். ஐந்தாவது மாதம் நாற்காலி எடுத்துப் போட இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். ஆறாவது மாதம் அந்த இருவரில் ஒருவருக்கு இடமாற்றம் வந்துவிடும். அத்தோடு தொடர் நின்றுபோகும்.

அந்த ஆறாவது மாதத்தைத் தாண்டி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவரும் சின்னஞ்சிறு அரங்குகள் சில அமெரிக்காவில் இருக்கின்றன. நூறு பேர் உட்காரக்கூடிய இடம், சம்பளம் வாங்காத உதவியாளர்கள், நாட்டுப்பாடல். மூலதனம் இவ்வளவுதான். அங்கே பாடிப் புகழ்பெற்றவர்களைப் பற்றிப் பல புத்தகங்கள் உண்டு. அந்த இடங்களை நடத்தியவர்களின் வரலாறுதான் நமக்குப் பாடம். ஆகவே இந்தக் கட்டுரை பாடகர்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, நாற்காலி போட்டவர்களைக் கவனிக்கிறது.

நம் கிராமங்களில் இந்தச் சிக்கல் வேறு விதமாகத் தீர்ந்திருந்தது. கூத்தும் வில்லுப்பாட்டும் கோயில் திருவிழாவோடு வரும். செலவுக்குத் தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு இவ்வளவு எனப் பிரிப்பார்கள். பந்தல் போடுவதிலிருந்து கலைஞர்களுக்குச் சாப்பாடு போடுவது வரை யார் செய்வது என்பதற்கு ஊர் வழக்கத்திலேயே பதில் இருக்கும். பல ஊர்க்காரர்கள் ஒரே வளாகத்தில் குடியேறிய நகரத்தில் அந்தப் பதில் கிடையாது. அதைப் புதிதாக உண்டாக்க வேண்டும். 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி நகரங்களில் நாட்டுப்பாடல் அரங்கு தொடங்கியவர்களும் இதே நிலையில்தான் இருந்தார்கள்.

காப்பியும் கிட்டாரும்

1958-ல் கிங்ஸ்டன் டிரையோ என்ற குழு பாடிய 'டாம் டூலி' என்ற பழைய கதைப்பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதற்கு முன்பே நகரத்து இளைஞர்களிடம் மலைநாட்டுக் கதைப்பாடல்கள், தொழிலாளர் பாட்டுகள், கறுப்பின மக்களின் புளூஸ் ஆகியவற்றின் மேல் ஆர்வம் வளர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாட்டு அதை ஊரறியச் செய்தது. ஒரு கிட்டாரோ பாஞ்சோவோ போதும். பெரிய ஒலிபெருக்கி தேவையில்லை. மது விற்காத காப்பிக் கடை ஒன்று கிடைத்தால், மது அருந்தும் வயது வராத மாணவர்களும் உள்ளே வரலாம். இப்படித்தான் காப்பிக் கடைகள் பாட்டு அரங்குகளாயின.

இவற்றில் முன்னோடிகளில் ஒன்று, மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த 'கிளப் 47'. 1958 ஜனவரியில் ஜாய்ஸ் கலினா, பாலா கெல்லி என்ற இரண்டு இளம்பெண்கள் மவுண்ட் ஆபர்ன் தெரு 47-ஆம் எண் கட்டடத்தில் இதைத் தொடங்கினார்கள். தொடங்கியது ஜாஸ் இசைக்காக. அதே ஆண்டில், அப்போது 17 வயதான ஜோன் பயஸ் அங்கே பாடத் தொடங்கினார். முதல் கச்சேரிக்கு வந்த விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டத்தில் அவருடைய பெற்றோரும் நண்பர்களும்தான் முக்கால்வாசி.

அங்கே ஒரு விநோதமான சட்டச் சிக்கல் வந்தது. சாப்பாடும் பானமும் பரிமாறும் இடத்தில் மூன்றுக்கு மேற்பட்ட தந்தி வாத்தியங்கள் வாசிக்கக் கூடாது என்று கேம்பிரிட்ஜில் ஒரு பழைய விதி இருந்தது. காவல்துறை கடையை மூடியது. நடத்தியவர்கள் அதை லாப நோக்கற்ற கல்வி அமைப்பாகப் பதிவு செய்து மீண்டும் திறந்தார்கள். நம் ஊரில் சங்கப் பதிவுச் சட்டப்படி சொசைட்டி பதிவது போன்றதுதான். ஒரு பழைய விதியிலிருந்து தப்பிக்கச் செய்த ஏற்பாடு, பிற்காலத்தில் இத்தகைய அரங்குகள் பலவற்றுக்கும் வழக்கமான வடிவமாகிவிட்டது.

ஆனால் பதிவுச் சான்றிதழ் மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது. கிளப் 47 1963-ல் பக்கத்துத் தெருவுக்கு இடம் மாறியது, 1968-ல் பணமில்லாமல் மூடப்பட்டது. அங்கே வளர்ந்த பாடகர்கள் இசைத்தட்டு நிறுவனங்களிடமும் பெரிய அரங்குகளிடமும் போய்விட்டார்கள். அவர்கள் கேட்கும் தொகையைச் சின்ன இடத்தால் கொடுக்க முடியவில்லை. மறு ஆண்டு அதே இடத்தில் 'பாஸிம்' வந்தது. பாப் டான்லின், ரே ஆன் டான்லின் என்ற தம்பதியர் அதை ஏற்று, வாழ்த்து அட்டைகளும் பரிசுப் பொருள்களும் விற்றபடியே பாட்டையும் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்கள். 1990-களின் நடுவில் அது மறுபடியும் லாப நோக்கற்ற அமைப்பானது. 'கிளப் பாஸிம்' என்ற பெயரில் இப்போதும் நடக்கிறது.

லீனாவின் மாடி

நம் கதையின் நடுநாயகம் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் இருக்கும் சாரட்டோகா ஸ்பிரிங்ஸ். கனிம நீரூற்றுகளுக்கும் கோடைக்காலக் குதிரைப் பந்தயத்துக்கும் பேர்போன சிற்றூர். ஸ்கிட்மோர் என்ற கல்லூரியும் உண்டு. 1960 மே மாதம் பில் ஸ்பென்சரும் அவர் மனைவி லீனாவும் ஃபைலா தெரு 47-ஆம் எண் கட்டடத்தின் மாடியில் ஒரு காப்பிக் கடை திறந்தார்கள். பெயர் 'காஃபே லீனா'. இங்கேயும் கதவு எண் 47 என்பது தற்செயல்தான்.

லீனா 1923-ல் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இத்தாலியக் குடும்பத்தில் வளர்ந்தவர். கணவன் மனைவி இருவருக்கும் இருந்த திட்டம் ரொம்ப எளிமையானது: சில வருடம் கடையை நடத்திக் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய் நிம்மதியாக வாழ்வது. இரண்டு ஆண்டுகளில் கணவர் பிரிந்து போய்விட்டார். பணமும் சேரவில்லை. லீனா மட்டும் கடையோடு நின்றார். அடுத்த 27 ஆண்டுகள் அதை விட்டு அகலவில்லை.

மாடிப்படி ஏறிப் போனால் தாழ்வான கூரை, சின்ன வட்ட மேசைகள், ஒரு மூலையில் மேடை. நூறு பேர் வந்தால் மூச்சு முட்டும். லீனாவுக்கு நாடகத்திலும் பெரும் ஈடுபாடு இருந்ததால், அதே மாடியில் சின்ன அரங்கு ஒன்று அமைத்து நாடகங்களும் போட்டார். மது கிடையாது. ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைக்கும் பாடகர்களுக்கு ஓட்டல் செலவு கட்டுப்படியாகாது. லீனா தன் வீட்டில் படுக்க இடம் கொடுப்பார், தன் கையால் சமைத்துப் போடுவார். டேவ் வான் ராங்க், ரோசலி சோரல்ஸ், யூட்டா ஃபிலிப்ஸ் போன்றவர்கள் குறைந்த தொகைக்குத் திரும்பத் திரும்ப அங்கே வந்தார்கள் என்றால், அந்தச் சாப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு.

இன்னொரு காரணம், கேட்பவர்கள். 1961-ல் 20 வயது பாப் டிலன் அங்கே பாட வந்தார். அப்போது அவரை யாருக்கும் தெரியாது. கூட்டம் அவரைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே இருந்தது. பில் ஸ்பென்சர் மேடையேறிப் பார்வையாளர்களைக் கண்டித்தார் என்பது அந்த அரங்கின் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் சம்பவம். நாளடைவில் அந்த மாடியில் ஒரு பழக்கம் வேரூன்றியது. பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது, இடைவேளையில்தான் பேச்சு. சாராயக் கடைகளில் இரைச்சலுக்கு மேல் கத்திப் பாடிப் பழகிய பாடகர்களுக்கு, ஒவ்வொரு சொல்லையும் காது கொடுத்துக் கேட்கும் எண்பது பேர் என்பது பெரிய சன்மானம்.

அதே ஊரில் 1966-ல் சாரட்டோகா கலை மையம் என்ற பிரம்மாண்டமான அரங்கு திறக்கப்பட்டது. கூரைக்குக் கீழே மட்டும் ஐயாயிரம் பேர் உட்காரலாம். நியூயார்க் சிட்டி பாலே குழுவும் பிலடெல்பியா இசைக்குழுவும் கோடையில் அங்கே வரும். லீனாவின் மாடிக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. அங்கே போகிறவர்கள் ஒரு விழாவுக்குப் போனார்கள். இங்கே வருகிறவர்கள் பக்கத்து வீட்டுக்கு வருவதுபோல் வந்தார்கள்.

ஒரு மாலையின் கணக்கு

இவ்வளவு நல்ல பெயர் இருந்தும் லீனாவுக்குக் கடைசிவரை பணக் கஷ்டம்தான். ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இருக்கைகள் 100, நுழைவுச்சீட்டு 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அரங்கு நிறைந்தால் 1,000 டாலர். பாடகருக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை உறுதி சொல்லி, வசூல் அதைத் தாண்டினால் அதிலும் பங்கு தருவது இத்தகைய அரங்குகளின் வழக்கம். பெரும்பாலும் வசூலில் பாதிக்கு மேல் பாடகருக்குப் போய்விடும். மிச்சத்தில் வாடகை, மின்சாரம், குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் செலவு, சுவரொட்டி, தபால். இதற்கு மேல், ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற பாடலாசிரியர் உரிமைச் சங்கங்களுக்கு ஆண்டுக் கட்டணம். பனி கொட்டும் பிப்ரவரியில் 30 பேர் வந்தால் கையில் 300 டாலர். பாடகருக்குச் சொன்ன தொகையையே அதில் கொடுக்க முடியாது.

பெரிய அரங்கு என்றால் ஒரு நல்ல மாலையின் லாபம் நாலு மோசமான மாலைகளின் நட்டத்தை ஈடுகட்டும். சின்ன அரங்கில் நல்ல மாலைக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது: நூறு இருக்கை. நூற்றோராவது ஆள் வந்தால் திருப்பித்தான் அனுப்ப வேண்டும். இந்தக் கணக்கில் சம்பளம் என்ற வரியைச் சேர்த்தால் அது எந்த வகையிலும் நேராகாது. அதனால்தான் இந்த அரங்குகளில் கதவருகே நிற்பவர், ஒலி பார்ப்பவர், கோப்பை கழுவுபவர் எல்லோரும் சம்பளமில்லாமல் வந்தார்கள். 

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உழைப்பை இலவசமாகத் தந்தவர்கள் ஊர்க்காரர்கள். பாடகருக்குக் குறைவாகவேனும் பணம் கொடுக்கப்பட்டது. 'கலைச் சேவை' என்று சொல்லிப் பாடுபவரிடமும் இலவசம் கேட்டிருந்தால், ஊர் ஊராகப் பயணம் செய்யும் அந்தக் கூட்டமே இருந்திருக்காது.

பாடகர்களே நாற்காலி போட்டால்?

அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில், இங்கிலாந்தில், இதே கணக்கை வேறு வழியில் சரிக்கட்டினார்கள். அங்கே 'ஃபோக் கிளப்' என்பது பெரும்பாலும் ஒரு பப்பின் மாடியறையில் வாரம் ஒருநாள் கூடும் கூட்டம். கீழே குடிக்க ஆள் வருகிறார்கள் என்பதால் பப் உரிமையாளர் அறையைச் சும்மாவோ குறைந்த வாடகைக்கோ விடுவார். பிராட்ஃபோர்டு நகரில் 1956-ல் தொடங்கிய 'டாப்பிக் ஃபோக் கிளப்' இவற்றில் மிகப் பழையவற்றில் ஒன்று.

அங்கே அந்த மன்றத்துக்கென்று சில 'குடிப்பாடகர்கள்' இருப்பார்கள். அவர்களே மாலையைத் தொடங்கிவைப்பார்கள், அவர்களே நாற்காலி போடுவார்கள், அவர்களே வாசலில் காசு வாங்குவார்கள். கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எழுந்து ஓரிரு பாட்டுப் பாடலாம். சில வாரங்கள் வெளியூர்ப் பாடகரை அழைப்பார்கள், மற்ற வாரங்களில் உள்ளூர்க்காரர்களே மாறி மாறிப் பாடுவார்கள். பிந்தைய வகை மாலைகளில் செலவு ஏறக்குறைய இல்லை. அதில் மிச்சமாகும் காசு அடுத்த விருந்தினருக்கு. போதாததற்கு இடைவேளையில் ஒரு குலுக்கல் சீட்டு. பார்வையாளர், பாடகர், நிர்வாகி என்ற மூன்று வேடங்களையும் அதே ஆட்கள் முறைவைத்துப் போடுவதால் சுமை பகிர்ந்துகொள்ளப்படுகிறது.

1989

லீனாவின் மாடியில் உதவிக்கு எப்போதும் ஆள் உண்டு. கல்லூரி மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்து பரிமாறினார்கள், பாத்திரம் கழுவினார்கள். பணமுடை முற்றும்போதெல்லாம் பாடகர்களே வந்து அவருக்காக நிதி திரட்டப் பாடினார்கள். ஆனால் யாரை அழைப்பது, எவ்வளவு கொடுப்பது, யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் ஒரே ஒருவரின் தலைக்குள் இருந்தது. அவர் பெயர்தான் கடையின் பெயர். அவர் வாழ்க்கைதான் கடையின் நிர்வாகம்.

1989 இலையுதிர்காலத்தில் லீனா அதே மாடிப்படியில் தவறி விழுந்தார். அக்டோபரில் இறந்தார். வயது 66.

இந்த மாதிரி இடங்கள் இந்தக் கட்டத்தில்தான் மூடப்படும். நியூயார்க் நகரத்தின் கிரீன்விச் வில்லேஜில் இதைவிடப் புகழ்பெற்ற அரங்குகள் இருந்தன. 'கேஸ்லைட் காஃபே' 1971-ல் மூடியது. டிலனுக்கு முதல் பெயர் வாங்கிக் கொடுத்த 'கெர்ட்ஸ் ஃபோக் சிட்டி' 1980-களின் பின்பகுதியில் குத்தகையை இழந்து மூடியது. நாட்டின் மிகப்பெரிய நகரம், கூட்டத்துக்குப் பஞ்சமில்லை, பெயருக்கும் பஞ்சமில்லை. அந்த இரண்டும் ஒரு கடையைக் காப்பாற்றப் போதவில்லை. அப்படியிருக்க ஒரு சிற்றூரின் மாடிக்கடை எம்மாத்திரம்?

ஆனால் சாரட்டோகாவில் நடந்தது வேறு. லீனாவின் நண்பர்களும் வழக்கமாக வருகிறவர்களும் சேர்ந்து அதை லாப நோக்கற்ற அமைப்பாக்கினார்கள். நிர்வாகக் குழு ஒன்று அமைந்தது. லீனாவின் தலைக்குள் இருந்தவை காகிதத்துக்கு வந்தன. ஒருவரே செய்த வேலை பலர் கைக்குப் பிரிந்தது: ஒருவர் கதவு, ஒருவர் சமையலறை, ஒருவர் ஒலி, ஒருவர் அஞ்சல் பட்டியல். சில ஆண்டுகளுக்குப் பிறகு அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். மற்ற வேலைகள் தன்னார்வலர்களிடமே இருந்தன.

அடுத்த பெரிய முடிவு கட்டடம் பற்றியது. 1998-ல் அந்த அமைப்பு, தான் குடியிருந்த கட்டடத்தையே விலைக்கு வாங்கியது. ஃபோக் சிட்டியை வீழ்த்தியது குத்தகை என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். 2016-ல் சுமார் 20 லட்சம் டாலர் செலவில் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். மாடிக்குப் போக லிஃப்ட் வந்தது. அறுபதுகளில் துள்ளிக்கொண்டு படியேறிய ரசிகர்களுக்கு இப்போது எழுபது எண்பது வயது. அவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் அந்த மாடிக்கு வர முடிந்தது. இருக்கை எண்ணிக்கை மட்டும் நூற்றுச் சொச்சத்தோடு நின்றது. பெரிதாக்கினால் அது அந்த இடமாக இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பல ஆண்டுகளாக அங்கே எடுக்கப்பட்ட ஒலிப்பதிவு நாடாக்களும் புகைப்படங்களும் தேடித் தொகுக்கப்பட்டு, 2013-ல் மூன்று குறுந்தகடுகளாகவும் ஒரு நூலாகவும் வெளிவந்தன. 2020-ல் பெருந்தொற்று வந்து உலகத்து அரங்குகள் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது, காலி அறையிலிருந்து இணையத்தில் நேரலையாகக் கச்சேரி ஒளிபரப்பினார்கள். அமெரிக்காவில் இடைவிடாமல் இயங்கிவரும் மிகப் பழைய நாட்டுப்பாடல் அரங்கு என்று பரவலாகச் சொல்லப்படுவது இன்று இந்த மாடிதான். லீனா நடத்தியது 29 ஆண்டுகள். அவர் இல்லாமல் நடந்திருப்பது அதைவிட அதிகமான ஆண்டுகள்.

தேவாலயம் கொடுத்த வீடு

லீனாவின் மாடிக்கு ஒரு தனிமனிதர் அடித்தளம் என்றால், மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் உள்ள 'தி ஆர்க்' அரங்குக்கு ஒரு நிறுவனம் அடித்தளம். 1965-ல் உள்ளூர்த் தேவாலயங்கள் சில சேர்ந்து, பல்கலைக்கழக மாணவர்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்று ஹில் தெருவில் ஒரு பழைய வீட்டில் இதை ஆரம்பித்தன. 1969-ல் டேவ் சிக்லின், லிண்டா சிக்லின் தம்பதியர் நிர்வாகத்தை ஏற்றார்கள். அந்த வீட்டின் மேல்தளத்திலேயே குடியிருந்தார்கள். கீழே கூடத்தில் தரையில் உட்கார்ந்து கேட்கும் கூட்டம்.

தேவாலயங்களின் நிதியை மட்டும் நம்பியிருக்க முடியாத நிலை வந்தது. 1970-களின் பிற்பகுதியில் நிதி திரட்டுவதற்காக ஒரு நாட்டுப்பாடல் விழா நடத்தினார்கள். அரங்குக்குப் பல ஆண்டுகளாக வந்து பாடிய நட்புள்ள கலைஞர்கள் வந்தார்கள். அந்த விழா ஆண்டுதோறும் தொடர்ந்து, சுமார் 3,500 பேர் அமரும் பல்கலைக்கழகத்தின் ஹில் அரங்குக்கு வளர்ந்தது. மேலே சொன்ன நூறு இருக்கைக் கணக்குக்கு இது ஒரு சாமர்த்தியமான விடை: வருடம் முழுக்கச் சின்ன இடத்தில் பாட்டு, வருடத்தில் ஒரு தடவை பெரிய இடத்தில் வசூல்.

1984-ல் ஹில் தெரு வீட்டை விட்டு வெளியேறினார்கள். பிறகு 1996-ல் மெயின் தெருவில் இன்றைய 400 இருக்கை அரங்குக்கு வந்தார்கள். நுழைவுச்சீட்டு வாங்குவது முதல் பாப்கார்ன் பொரித்துக் கொடுப்பது வரை செய்ய நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் முறைவைத்து வருகிறார்கள். ஒருவருக்கு மாதத்தில் ஒன்றிரண்டு மாலைதான் வேலை. முடித்துவிட்டுப் பாட்டும் கேட்கலாம். சிக்லின் 2008-ல் ஓய்வு பெற்றார். சுமார் நாற்பது ஆண்டுகள் நடத்தியவர் விலகிய பிறகும் அரங்கு அப்படியே நடந்தது. வேலை ஏற்கெனவே அவ்வளவு பேரிடம் பரவியிருந்தது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரிலும் இதே பாதையைக் காணலாம். 1968-ல் நான்சி ஓவன்ஸ் என்ற பெண்மணி, 'ஃப்ரைட் அண்ட் சால்வேஜ்' என்ற பழைய மரச்சாமான் கடை இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்து, பழைய கடையின் பெயரையே வைத்து 87 இருக்கையோடு காப்பிக் கடை திறந்தார். 1983-ல் அது மரபிசையைப் பேணும் லாப நோக்கற்ற சங்கமானது. 1988-லும் 2009-லும் பெரிய இடங்களுக்கு மாறி, இன்று நகரின் மையத்தில் சொந்த அரங்கில் இருக்கிறது. தொடங்கியவரிடமிருந்து சங்கத்துக்கு, வாடகையிலிருந்து சொந்த இடத்துக்கு. லீனாவின் மாடி போன வழியேதான்.

நம் கூடத்துக்கு இதில் என்ன?

இந்த அரங்குகளின் கதையை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. தொடங்குவதற்கு ஒரு லீனா வேண்டும். ஆர்வமும் பிடிவாதமும் சமைத்துப் போடும் மனசும் உள்ள ஒருவர் இல்லாமல் இவற்றில் பெரும்பாலானவை வேரூன்றியிருக்காது. ஆனால் அவர் இருக்கும்போதே அவர் வேலை பலர் கைக்கு இறங்கிவிட்டால் இடம் பிழைக்கும். இறங்காவிட்டால் அவர் போகும் நாளில் அது பெரிய சோதனையைச் சந்திக்கும். சாரட்டோகா அந்தச் சோதனையில் தப்பியது, தப்பாதவை ஏராளம். நம் சென்னை சபாக்களிலும் கௌரவச் செயலாளர் ஒருவரே ஆண்டுக்கணக்கில் எல்லாவற்றையும் சுமப்பதைப் பார்க்கிறோம். குடியிருப்போர் சங்கங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் கூடத்தில் இப்படி ஒரு தொடர் வந்தால் முதல் நிகழ்ச்சிக்கு முன்பே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம்.

முதலாவது, வேலைகளை எழுதிவைப்பது. கலைஞரை அழைப்பது, பயணமும் தங்குமிடமும், ஒலி, நாற்காலி, வாசல், தேநீர், கணக்கு, அறிவிப்பு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர். ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் மற்றவர். ஆண்டுக்கு ஒருமுறை வேலைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். தொலைபேசி எண்களும் கொடுத்த தொகைகளும் ஒருவர் கைபேசியில் மட்டும் இல்லாமல் சங்கத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கலைஞருக்கான தொகை. பறையாட்டக் குழுவோ வில்லுப்பாட்டுக் குழுவோ, வருகிறவர்கள் அன்றைய பிழைப்பை விட்டுவிட்டு வருகிறார்கள். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு என்று முன்பே பேசி, அன்றிரவே கையில் கொடுத்துவிட வேண்டும். பொன்னாடை அதற்கு மேல்தான். அதற்குப் பதிலாக ஆகாது. உதவிக்கு நிற்கும் நமக்குத் தேநீர் போதும்.

மூன்றாவது, கணக்கு நேராகாத மாதங்களுக்கான வழி. இங்கிலாந்து மன்றங்களைப்போல ஒரு மாதம் வெளிக்கலைஞர், மறுமாதம் நம் வளாகத்துப் பாட்டிமார் தாலாட்டும் நடவுப்பாட்டும் பாடும் மாலை என்று மாற்றி மாற்றி வைத்தால் செலவு பாதியாகும். அந்தப் பாட்டுகளை அவர்கள் அனுமதியோடு பதிவு செய்தும் வைக்கலாம். பொங்கலை ஒட்டி வருடம் ஒரு பெரிய நிகழ்ச்சி வைத்து நிதி திரட்டினால், ஆன் ஆர்பர் வழி நமக்கும் கைகொடுக்கும்.

சட்ட விஷயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிப்புரிமை உள்ள பாடல்களைப் பொது நிகழ்ச்சியில் பாடுவதற்கு ஐபிஆர்எஸ் அமைப்பின் உரிமம் தேவைப்படலாம்; நிகழ்ச்சிக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. திறந்தவெளியில் வைத்தால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கூடத்துக்குள் வைத்தாலும் பத்துக்குள் முடித்துவிட்டால், மறுநாள் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நம்மோடு இருப்பார்கள்.

கடைசியாக, கேட்கும் பழக்கம். பாட்டு நடக்கும்போது கைபேசி ஒலிக்காத, பக்கத்து நாற்காலியோடு பேசாத ஐம்பது பேர் நம் வளாகத்தில் சேர்ந்துவிட்டால், நல்ல கலைஞர்கள் அந்தச் செய்தியைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அந்த ஐம்பது பேரைச் சேர்க்கக் காசு செலவாகாது. இரண்டு மூன்று நிகழ்ச்சிகளின் பொறுமை போதும்.

நாற்காலி போட, ஒலி பார்க்க, வாசலில் நிற்க, கணக்கு எழுத விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். எந்த வேலை, மாதத்தில் எத்தனை மாலை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதினாறு பேர் சேர்ந்தால் மேலே சொன்ன எட்டு வேலைகளுக்கும் இரண்டிரண்டு பெயர் ஆகிவிடும்.